ஏழு படங்களில் ஒன்று

பிரிசில்லாவுக்கு ஓர் இடத்தில் உட்கார வராது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு ஸ்டுடியோவில் எட்டு வருடம் ஆல்பம் டிசைனராக இருந்தபோதும் அப்படித்தான். ஒரு படத்துக்கு நிறம் சரிசெய்வாள், எழுந்து வாசல்வரை போய்வருவாள், அடுத்த படத்தைத் திறப்பாள். மற்றவர்கள் எடுத்து வந்ததைத் திருத்துவதுதான் அவள் வேலை. கண் மூடிய மாமனார், பாதியோடு வெட்டுப்பட்ட நாத்தனார், ஃபிளாஷ் வெளிச்சத்தில் மடிப்பே தெரியாமல் வெளுத்துப்போன பட்டு வேட்டி.

"எடுக்கும்போதே ரெண்டு அடி தள்ளி நின்னிருந்தா எனக்கு இந்த வேலையே கெடையாது" என்று புலம்பிக்கொண்டே இருந்தவள், ஒருநாள் பொறுக்கமாட்டாமல் செகண்ட் ஹேண்டில் ஒரு கேமரா வாங்கினாள். கல்யாணம், வளைகாப்பு, காதுகுத்து என்று தானே எடுக்கக் கிளம்பினாள். இதெல்லாம் நடந்தபோது அவளுக்கு வயது முப்பத்தொன்று.

மூன்றே வருடத்தில் கடலூரிலிருந்து சிதம்பரம்வரை அவளைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்களும் போன் செய்து சந்தேகம் கேட்பார்கள். நடந்துகொண்டே பதில் சொல்வாள். "கேமரா பாடிய மாத்தாத, லென்ச மாத்து." "குரூப் போட்டோல எத்தினி பேரோ அத்தினி படம், கூட ரெண்டு எடு. எவனாவது ஒருத்தன் கண்ண மூடுவான்." "மானிட்டர் வெளிச்சத்தப் பாதியாக் கொற. இல்லன்னா ஸ்கிரீன்ல பளிச்சுன்னு இருக்கும், பிரிண்ட்ல இருட்டடிக்கும்." எல்லோருக்கும் தவறாமல் சொல்லும் இன்னொன்றும் உண்டு. கல்யாணத்துக்குப் போகிறவன் கேமராவில் இரண்டு கார்டு போடும் வசதி இருக்க வேண்டும். எடுக்கிற ஒவ்வொரு படமும் இரண்டிலும் விழ வேண்டும்.

அவளுடைய கேமராவில் ஒரு கார்டுதான் போட முடியும். அடுத்த சீசனில் மாற்றிவிடலாம் என்று ஒவ்வொரு சீசனிலும் நினைத்துக்கொள்வாள்.

சிதம்பரத்தில் கனிமொழியின் கல்யாணம் ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கனிமொழியின் அம்மா லோகநாயகி குவைத்தில் ஒரு வீட்டில் வேலை பார்த்தார். ஐந்து நாள் லீவில்தான் வந்திருந்தார். பெரிய மகன் சிங்கப்பூரில், சின்னவன் ஓசூரில். அப்பா, அம்மா, மூன்று பிள்ளைகள் ஐந்து பேரும் ஒன்றாக நின்று பதினோரு வருடம் ஆகியிருந்தது. ஒருத்தருக்கு லீவு கிடைக்கும்போது இன்னொருத்தருக்குக் கிடைக்காது.

"மாலை மாத்துறது, தாலி கட்டுறது எல்லாத்தையும் நீ பாத்து எடும்மா. நான் ஒண்ணும் கேக்கல. எங்க அஞ்சு பேரையும் நிக்க வச்சு ஒரு படம் மட்டும் ஒழுங்கா எடுத்துக் குடுத்துரு" என்று முதல்நாளே லோகநாயகி சொல்லியிருந்தார்.

முகூர்த்தம் முடிந்து ஒன்பது மணிக்கு மண்டபத்து வாசலில், நிழல் விழும் பக்கமாக ஐந்து பேரையும் நிறுத்தினாள். கேமராவை ஸ்டாண்டில் மாட்டினாள். ஐந்து பேர், கூட இரண்டு. மொத்தம் ஏழு படம். ஏழாவது படத்தில் கார்டு நிறைந்துவிட்டது. அதே நேரம் மாப்பிள்ளை வீட்டார் உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். ஏர்போர்ட்டுக்குப் போகிற காரும் வந்து ஹாரன் அடித்தது. அவசரத்தில் கேமராவின் கதவைத் திறந்து கார்டை உருவினாள். ஓரத்தில் சின்ன சிவப்புப் புள்ளி இன்னும் மினுக்கிக்கொண்டிருந்தது. படம் கார்டில் எழுதப்பட்டுக்கொண்டிருக்கிறது, கை வைக்காதே என்று அதற்கு அர்த்தம். கண் பார்த்தது. கை அதற்குள் உருவிவிட்டிருந்தது.

வேறு கார்டைப் போட்டு மீதியை எடுத்து முடித்தாள். பத்தரைக்கு லோகநாயகி மகளைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டு, பெரிய மகனோடு காரில் ஏறினார். இரண்டு பேருக்கும் சென்னையிலிருந்து சாயங்கால விமானம், வேறு வேறு நாட்டுக்கு.

பதினொன்றரைக்கு மணமகள் அறையில் லேப்டாப்பைத் திறந்து கார்டைச் செருகினாள். உள்ளே ஒன்றும் தெரியவில்லை. இந்தக் கார்டைப் பயன்படுத்த வேண்டுமானால் எல்லாவற்றையும் அழித்து ஃபார்மேட் செய்ய வேண்டும், செய்யட்டுமா என்று ஒரு கட்டம் வந்து நின்றது. வேண்டாம் என்று அழுத்தினாள். உருவிவிட்டு மறுபடி செருகினாள். மறுபடியும் அதே கேள்வி. மூன்றாம் தடவை செருகப் போன கையை இழுத்துக்கொண்டாள். கெட்டுப்போன கார்டை நோண்ட நோண்ட இருப்பதும் போகும் என்று அவளுக்குத் தெரியும்.

பந்தியில் சாப்பிடக் கூப்பிட்டவர்களிடம் தலைவலி என்று சொல்லிவிட்டுப் பேருந்து நிலையத்துக்கு ஓடினாள். கார்டு, சில்லறைப் பையில் தனியாக. கடலூர் பஸ் புதுச்சத்திரம் தாண்டுவதற்குள் அந்தப் பையைப் பத்துத் தடவை திறந்து பார்த்திருப்பாள். ஜன்னலோரம் இடம் கிடைத்தும் உட்காராமல் படிக்குப் பக்கத்திலேயே நின்றாள். கண்டக்டர் இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

பழைய ஸ்டுடியோவில் அவளோடு வேலை பார்த்த அருண்குமார், இப்போது திருப்பாதிரிப்புலியூரில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை பூட்டிக் கிடந்த கடையை அவளுக்காக வந்து திறந்தான்.

"இதுல அப்புறம் ஏதாவது எடுத்தியா?"

"இல்ல."

"ஃபார்மேட் குடுத்தியா?"

"குடுக்கல."

"அப்ப பாதி பொழச்ச. உக்காரு."

அவள் உட்காரவில்லை. அவன் நேரடியாகப் படங்களைத் தேடாமல், கார்டு முழுவதையும் அப்படியே ஒரு நகல் எடுத்தான். கார்டை ஓரமாக வைத்துவிட்டு, நகலில்தான் தேடும் மென்பொருளை ஓட விட்டான். திரையில் ஒரு பச்சைக் கோடு நகர ஆரம்பித்தது. மூன்று மணி நேரம் என்று காட்டியது. அவள் கடைக்கு வெளியே போனாள், உள்ளே வந்தாள், டீ வாங்கினாள், குடிக்காமல் வைத்தாள்.

"கோட்ட மொறச்சிப் பாத்தா சீக்கிரம் போவாது பிரிசில்லா" என்றான் அருண்குமார்.

இரண்டரைக்கு லோகநாயகியின் போன். "திண்டிவனம் தாண்டிட்டம்மா. அந்த அஞ்சு பேர் படத்த மட்டும் வாட்ஸ்அப்ல போட்டு வுடேன். ஏறதுக்குள்ள ஒரு தடவ பாத்துக்கறேன்."

"எடிட்டிங்ல இருக்குக்கா. அனுப்புறேன்" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

போனை வைத்த பிறகு நிற்கவே முடியவில்லை. தெருமுனைவரை நடந்தாள். திரும்பி வந்தாள். மறுபடி நடந்தாள். கார்டு தானாகவே கெட்டுப்போய்விட்டது என்று சொல்லலாம். நிஜமாகவே அப்படிக் கெடுவது உண்டு, யாருக்கும் தெரியப்போவதில்லை. இருபது நிமிடம் கழித்து அவளே கூப்பிட்டாள்.

"அக்கா, நான் பொய் சொல்லிட்டேன். எடிட்டிங்ல இல்ல. கார்டு கெட்டுப்போச்சு. வெளிய எடுக்கக் கூடாத நேரத்துல நாந்தான் உருவிட்டேன். தேடிக்கிட்டு இருக்கோம். கெடைக்குமா கெடைக்காதான்னு தெரியல."

லோகநாயகி கேட்டார்: "வண்டியத் திருப்பச் சொல்லட்டுமா?"

"வேணாங்க்கா, பிளைட்ட வுட்டுடாதீங்க."

"பின்ன ஏன் இப்பச் சொல்ற? நான் பாட்டுக்கு நிம்மதியாப் போயிருப்பேனே" என்று வெடித்தவர், உடனே அடங்கினார். "செரி. தேடு. என்னா ஆனாலும் எனக்குச் சொல்லு. மறைக்காத."

நாலரைக்குப் பச்சைக் கோடு முடிந்தது. நானூற்றி அறுபதில் நானூற்றிப் பதினொன்று வந்திருந்தது. மாலை மாற்றிய படங்கள் பெரும்பாலும் போய்விட்டன. குடும்பப் படம் ஏழில் மூன்று இல்லவே இல்லை. மூன்று, மேல் பாதி மட்டும் இருந்து கீழே சாம்பல் பூசியதுபோல வந்தன. ஒன்றே ஒன்று முழுசாக இருந்தது. அதில் நான்கு பேர் நேராகப் பார்த்துச் சிரிக்க, லோகநாயகி மட்டும் சின்ன மகனின் சட்டைக் காலரை இழுத்துவிட்டபடி பக்கவாட்டில் திரும்பியிருந்தார். காதும் கொண்டையும் தெரிந்தன. முகம் இல்லை.

பாதிப் படம் ஒன்றில் அவர் முகம் அழகாக விழுந்திருந்தது. ஸ்டாண்டில் வைத்து எடுத்ததால் இரண்டு படமும் ஒன்றன்மேல் ஒன்று அச்சாகப் பொருந்தும்; வெளிச்சமும் ஒன்றே. முகத்தை எடுத்து இதில் வைக்கலாம். ஆனால் கேட்காமல் செய்ய அவளுக்கு மனம் வரவில்லை. இரண்டையும் அனுப்பிவிட்டுக் கூப்பிட்டாள். லோகநாயகி அப்போது விமான நிலையத்தில் வரிசையில் நின்றிருந்தார்.

"அக்கா, முழுப் படம் இது ஒண்ணுதான் இருக்கு. இன்னொண்ணுல இருக்கற மூஞ்சிய இதுல வைக்க முடியும். ஆனா அது ஒட்டு வேலைதான். நீங்க சொன்னா செய்யறேன். அப்பிடியே இருக்கட்டும்னாலும் செரி."

"இதென்னம்மா கேள்வி? பதினோரு வருஷம் கழிச்சி நின்னேன், எம் மூஞ்சி எனக்கு வேணும். ஒட்டு. நல்லா ஒட்டு."

அருண்குமார் வாய்விட்டுச் சிரித்தான். பிரிசில்லா அவன் நாற்காலியைப் பிடுங்கி உட்கார்ந்தாள். அன்றைக்கு முதல்முறையாக உட்கார்ந்தது அப்போதுதான். கழுத்தின் நிழல், காதோரத்து முடி, தோளில் புடவை மடிப்பு என்று ஒவ்வொன்றாகப் பொருத்தினாள். திரும்பிய உடம்போடு நேர்முகம் சேரவில்லை. அதனால் தோளையும் சேர்த்து எடுத்து, காலரைப் பிடித்த கையை மட்டும் பழையபடி விட்டாள். முகத்தை வெளுக்கவில்லை, சுருக்கத்தை வழிக்கவில்லை. ஆறு மணிக்கு அனுப்பினாள். போட்டோவாக அனுப்பினால் வாட்ஸ்அப் நசுக்கிவிடும் என்பதால் டாக்குமெண்ட்டாக அனுப்பினாள். இரண்டு நீல டிக் விழுந்தது. பதில் வரவில்லை. விமானம் ஏறியிருப்பார்.

மறுநாள் காலை பிரிண்ட் போடும் லேபுக்குப் போனாள். முதலில் சின்னத் துண்டாக ஒரு பிரிண்ட் போடச் சொல்லி, வாசல் வெயிலில் வைத்துப் பார்த்தாள். முகத்தில் சிவப்பு தூக்கலாக இருந்தது. குறைத்துவிட்டு மறுபடி போட்டாள். ஜன்னலுக்கு எதிரே மாட்டப்போவதாகக் கனிமொழியின் அப்பா சொன்னதால், பளபளக்கும் தாள் வேண்டாம் என்று மங்கல் தாளில் பெரிதாகப் போட்டு வாங்கினாள். பிறகு அதை எடுத்துக்கொண்டு சிதம்பரத்துக்குப் பஸ் ஏறினாள்.

கனிமொழி படத்தைப் பார்த்தாள். மாலை மாற்றிய படங்கள் எங்கே என்று கேட்டாள். பிரிசில்லா நடந்ததைச் சொன்னாள். பேசிய தொகையில் பாதி போதும் என்றும் சொன்னாள்.

"பாதி குடுத்தா எனக்கு அந்த நிமிஷம் திரும்பி வந்துருமாக்கா? அம்மாவுக்கு வேண்டியது கெடச்சிது. எனக்கு?"

அடுத்த சில நாட்களில் பிரிசில்லா, உறவினர்களின் செல்போன்களிலிருந்து பொறுக்கிய நாலைந்து படங்களைச் சரிசெய்து ஆல்பத்தில் சேர்த்தாள். அவை செல்போன் படங்களாகத்தான் தெரிந்தன. கனிமொழி ஆல்பத்தை வாங்கிக்கொண்டாள். நன்றி என்று ஒரு வார்த்தை சொன்னாள், அவ்வளவுதான்.

குவைத்திலிருந்து ஒரு வாரம் கழித்து ஆடியோ வந்தது. "ரூம்ல கூட இருக்கறவங்க எல்லாருக்கும் காட்டிட்டேம்மா. ஒட்டுனதுன்னு ஒருத்திக்கும் தெரியல. நானும் சொல்லல."

பிரிசில்லா அதை மூன்று முறை கேட்டாள். அந்த மாதமே பழைய லென்ஸ் இரண்டை விற்று, இரண்டு கார்டு போடும் கேமரா வாங்கினாள். தொழில் செய்கிறவர்களின் வாட்ஸ்அப் குழுவில், நடந்தது முழுவதையும் தன் பெயர் போட்டே எழுதினாள். எழுதாமல் இருந்திருக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். விஷயம் வெளியே பரவி, நெய்வேலியில் பேசி வைத்திருந்த ஒரு கல்யாணம் வேறொருவருக்குக் கைமாறிப் போனது.

அடுத்த முகூர்த்தம் திட்டக்குடியில் இருந்தது. அதிகாலை பஸ்ஸைப் பிடிக்க நாலு மணிக்கே எழுந்து, பேட்டரி எல்லாம் நிறைந்திருக்கிறதா, கேமராவில் இரண்டு கார்டும் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்தாள். செருப்பை மாட்டியவள் நின்று, பையைத் திறந்து, இன்னொருமுறை பார்த்தாள்.