பத்திரிகைக்குச் சொன்ன மனைவிமார்

எங்கள் கிராமச் சங்கத் தலைவர் மௌத்தான மறுநாள், மரணச் செய்தி எழுதப் பத்திரிகை நிருபர் வந்தார். தலைவரின் கார்ச் சாரதியான நான் வாசலில் நின்றேன்.

"மனைவி ஒராள்தானே?" என்று கேட்டார் நிருபர்.

"ஓம், ஒராள்தான்" என்றார் தலைவரின் மைத்துனர். வெள்ளிதோறும் தலைவரை நிந்தவூரில் இரண்டாம் மனைவி வீட்டில் கொண்டுபோய் விட்டவன் நான். மைத்துனர் என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன்.

கணவனை இழந்த பெண் வெளியாரைக் காணாமல் இருக்கும் இத்தாவில், திரைக்குப் பின்னால் இருந்த மூத்த மனைவி, தன் தமையனான அந்த மைத்துனரிடம் சொன்னார்:

"காக்கா, அவவும் அங்க வெள்ளை உடுத்து இத்தா இரிக்கா. ஊருக்கே தெரியும். நீங்க ஆருக்கு மறைக்கிறிங்க? ரெண்டு பேரெண்டு எழுதச் சொல்லுங்க."

நிருபர் எழுதிக்கொண்டார்.

பத்திரிகை வந்ததும் நிந்தவூர் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தேன். கதவிடுக்கால் ஒரு கை வாங்கிக்கொண்டது.

அடுத்த வெள்ளியும் காரைக் கழுவி வைத்தேன். போக இடமிருக்கவில்லை.