பாஞ்சாலி அக்கா வைத்த கல்

பாஞ்சாலி அக்கா இறந்துபோன செய்தி எனக்குக் கைப்பேசியில் படமாக வந்தது. ஊர்க்காரர்கள் குழுவில் யாரோ போட்டிருந்தார்கள். ஆளுயர பிளெக்ஸ். நடுவில் அக்காவின் முகம், ஏதோ அடையாள அட்டையிலிருந்து வெட்டியெடுத்தது. கீழே ‘ஏழைகளின் தாய், விறகு தந்த வள்ளல்’ என்று எழுதி, சுற்றிலும் பதினோரு பேர் கும்பிட்ட கையோடு தங்கள் படத்தைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தப் பதினோரு பேரில் நான்கு பேர், எங்கள் ஊர் மலையடிவாரத்தை மாங்கூழ் கம்பெனிக்குத் தூக்கிக் கொடுக்க முன்னால் நின்றவர்கள். திருப்பதியில் என் வீட்டு வாசலில் நின்று அந்தப் படத்தைப் பார்த்தேன். அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது.

அக்காவைத் தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். தெரிந்தவர்கள் என்றால் அவர் பொறுக்கிவந்த விறகில் குளிர் காய்ந்தவர்கள். ஆந்திர எல்லைக்குள், பாலசமுத்திரத்துப் பக்கம் எங்கள் ஊரில் அப்படிக் காயாதவர்கள் யாரும் இல்லை. ஆகவே வள்ளல், தாய் என்கிற வார்த்தைகளைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு, நடந்ததைப் பேசலாம்.

மலையடிவாரம் அன்றைக்குப் புறம்போக்கு. துரிஞ்சி மரமும் வேலிகாத்தான் முள்ளும் மண்டிக் கிடக்கும். காய்ந்ததைத்தான் எடுக்க வேண்டும், பச்சையில் கத்தி படக்கூடாது. “பச்ச வெறகு அழுவும். அழுவறத அடுப்புல வெச்சி இன்னா பண்ணப்போற?” என்பார் அக்கா. பொறுக்கியதை ஒரே நடையில் சுமக்க முடியாது. மிச்சத்தை அங்கேயே குவித்து, உச்சியில் கைக்கடக்கமான ஒரு கல்லை வைத்துவிட்டு வருவோம். கல் வைத்த குவியல் வைத்தவருடையது. மாதக்கணக்கில் கிடந்தாலும் ஒருவர் தொடமாட்டார். ஆடு தட்டிக் கல் உருண்டிருந்தால், அந்த வழியாகப் போகிறவர் எடுத்து மேலே வைத்துவிட்டுத்தான் போவார். இதற்கு ஒரே ஒரு விலக்கு உண்டு. குளிர்காலத்தில் பிள்ளை பெற்ற வீட்டில் கணப்புச் சட்டி அணையக்கூடாது. அந்த வீட்டுக்காக யார் குவியலில் வேண்டுமானாலும் ஓர் அணைப்பு எடுக்கலாம், கேட்க வேண்டியதில்லை. எடுத்துவிட்டு முதல் கல்லுக்குப் பக்கத்தில் இரண்டாவது கல்லை வைத்துவிட்டால் போதும்.

என் மகள் பிறந்தது மார்கழியில். மூன்று நாளாக மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. ஓட்டுச் சந்துகளில் வாடை ஊசியாக இறங்கியது. என் மனைவி பல் கிட்டிக்கொண்டு கிடந்தாள், குழந்தையின் உதடு நீலம் பாரித்திருந்தது. என்னிடம் இருந்ததெல்லாம் நனைந்த வேலிகாத்தான். அதைக் கொளுத்தி வீடு பூராவும் புகையாக்கி வைத்திருந்தேன். பக்கத்து வீட்டுப் பாஞ்சாலி அக்கா புகையைப் பார்த்துவிட்டுத்தான் வந்தார். “ஏம்பா குமாரு, புள்ளைய கொசுன்னு நெனச்சிக்கினியா?” என்று கேட்டுவிட்டுக் கோணிச் சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு மழையில் இறங்கிப் போனார். திரும்பி வந்தபோது சாக்கு தலையில் இல்லை. காய்ந்த துரிஞ்சியைச் சுற்றியிருந்தது. சட்டியில் கங்கு பழுத்து, அறை சூடேறி, குழந்தை வாய்விட்டு அழுத பிறகுதான் அவர் தன் தலையைத் துவட்டினார்.

அந்த விறகு கோவிந்தனுடைய குவியலில், உள்ளே நனையாத அடுக்கிலிருந்து எடுத்தது. கோவிந்தனுக்கும் எங்கள் வீட்டுக்கும் வரப்புத் தகராறில் ஆறு வருடமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. மறுநாள் அவர் எங்கள் வாசலில் வந்து நின்றார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்து நான் வேட்டியை மடித்துக் கட்டினேன். “ரெண்டு கல்லு பாத்தேன். பொண்ணா, பையனா?” என்று கேட்டார். பெண் என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். அன்றிலிருந்து நாங்கள் பேசிக்கொள்கிறோம்.

இனி என்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊருக்கு ஊர் கம்பெனி வரத் தொடங்கியிருந்த நேரம் அது. மாங்கூழ் கம்பெனிக்காரர்கள் எங்கள் மலையடிவாரத்தைக் கேட்டு வந்தார்கள். பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டார்கள். எங்களிடம் கையெழுத்துக் கேட்ட காகிதம் தெலுங்கில் இருந்தது. எங்கள் ஆட்களுக்குத் தெலுங்கு பேச வரும், படிக்க வராது. பாகாலாவில் தெலுங்கு மீடியம் படித்த நான்தான் எழுந்து நின்று வாசித்துத் தமிழில் சொன்னேன். கம்பெனி கேட்டில் எனக்குக் காவல் வேலை என்று அதற்கு முந்தின வாரமே பேசி முடிந்திருந்தது.

எல்லோரும் வேலையைப் பற்றியும் போர்வெல் தண்ணீரைப் பற்றியும் கேட்டார்கள். அக்கா மட்டும் எழுந்து, “கல்லு வெச்ச வெறக தொடமாட்டீங்களே?” என்று கேட்டார். வந்திருந்தவர் சிரித்த முகத்தோடு, “எவரி கட்டெலு வாள்ளவே அம்மா” என்றார். அவரவர் விறகு அவரவருக்கே. அக்காவுக்கு அது போதவில்லை. என்னைப் பார்த்துத் திரும்பினார்.

“நீ சொல்லு குமாரு. அதுல எழுதிக்கீதா?”

“எழுதிக்கீதுக்கா.”

எழுதியிருக்கவில்லை. விறகு என்கிற சொல்லே அந்தக் காகிதத்தில் எங்கும் இல்லை. ஒரு கல்லுக்கு ஊர் முழுக்கக் கட்டுப்படுகிறதே, கம்பெனி கட்டுப்படாதா என்று நம்புகிற ஏமாளித்தனம் எங்கள் ஆட்களுக்குத்தான் வரும். ஆனால் அக்கா அப்படி ஏமாறவில்லை. எழுத்தில் இருக்கிறதா என்று கேட்டார். ஏமாற்றியது நான். அவர் விரலில் மை தடவி, காகிதத்தில் பிடித்து வைத்ததும் நான்.

மூன்று மாதத்தில் கம்பிவேலி வந்தது. அந்தக் கோடையில் மாங்கூழ் காய்ச்சும் பாய்லருக்கு விறகு தேவைப்பட்டது. வேலிக்குள் குவித்து வைத்த விறகு இருக்கும்போது அவர்கள் எங்கே போய் வாங்குவார்கள்? நாங்கள் அடுக்கிய குவியல்களை அப்படியே டிராக்டரில் வாரி ஏற்றினார்கள். கல்லைத் தள்ளிவிடக்கூட யாருக்கும் நேரமில்லை. விறகோடு விறகாகக் கற்களும் கேட்டுக்கு வந்தன. கதவைத் திறந்துவிட்டவன் நான்.

சற்று நேரத்தில் அக்கா டிராக்டர் போன தடத்திலேயே நடந்து வந்தார். வழியில் உருண்டு விழுந்த ஒரு கல் அவர் கையில் இருந்தது. சூப்பர்வைசர் பார்த்துக்கொண்டிருந்தார். “கேட்ல நிக்காதீங்கக்கா, போங்க” என்றேன். இதை எழுதும்போது என் வாயிலேயே போட்டுக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது.

“எழுதிக்கீதுன்னியே” என்றார். குரலை உயர்த்தவில்லை. பிறகு கல்லை என் கையில் வைத்தார். “இது நான் வெச்ச கல்லு. நாளைக்கி நீ ஊடு கட்டுவ இல்ல, அதும் மேல வெச்சிக்க. ஒருத்தனும் தொடமாட்டான்.”

அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசாமல் இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். ஆனால் பார்க்கிற இடத்தில் எல்லாம், “துன்னியா குமாரு?” என்று பழையபடியே கேட்டார். அந்த வேலிக்கு வெளியே, மலையைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய் விறகு பொறுக்கினார். முன்பு போய் வந்ததைப்போல மூன்று மடங்கு தூரம். பிள்ளை பெற்ற வீடுகளுக்குக் கொண்டுபோய்ப் போட்டார். ‘கேஸ் வந்துவிட்டதே, இன்னும் எதற்கு இந்தக் கிழவி சுள்ளி பொறுக்குகிறது’ என்று சிரித்தவர்கள் உண்டு. இன்றைக்குப் பிளெக்ஸில் கும்பிடுகிறவர்களும் அதில் அடக்கம். அவர்களுக்கு அக்கா ஒரே பதில்தான் சொன்னார். “கேஸு சோறாக்கும். குளிருக்குப் பக்கத்துல வந்து குந்துமா?”

போன ஐப்பசியில் அந்தப் பக்கத்துச் சரிவில் விழுந்து இடுப்பு ஒடிந்தது. மகன் பெங்களூரில் கட்டட வேலை செய்கிறான். மாதம் ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போவான். மார்கழியில் நான் திருப்பதியிலிருந்து பார்க்கப் போனேன். போர்வை வாங்கிப் போயிருந்தேன், ஆப்பிள் வாங்கிப் போயிருந்தேன். அறை ஈரச் சாக்கு மாதிரி சில்லிட்டுக் கிடந்தது. கணப்புச் சட்டி மூலையில் கவிழ்ந்திருந்தது. “எங்கனா ரெண்டு துரிஞ்சிக் கட்ட கெடைக்குமா பாரு” என்றார். தெருவில் நான்கு வீட்டில் கேட்டேன். எல்லோரிடமும் சிலிண்டர் இருந்தது. ஒருவர் பழைய நாற்காலிக் காலைக் கொடுத்தார். அது வார்னிஷ் அடித்தது, புகைந்து நாறியது. அக்கா இருமிக்கொண்டே அதை வெளியே எடுத்துப் போடச் சொன்னார். பிள்ளை பெற்றவளுக்கு எங்கள் ஊரில் இரண்டாவது கல் உண்டு. சாகக் கிடக்கிறவளுக்கு எந்தக் கல்லும் இல்லை. அதை ஒருவரும் யோசித்து வைக்கவில்லை. அவரும் யோசிக்கவில்லை.

சாவுக்குப் போனேன். அந்தக் கல்லைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். ஏன் என்று அப்போது எனக்கே தெரியாது. பிணத்தைத் தூக்கும் நேரத்தில் ஒரு டிராக்டர் வந்து தெருமுனையில் நின்றது. கம்பெனி அனுப்பியது. நிறைய விறகு, மேலே ஒரு மாலை. பிளெக்ஸில் இருந்த ஒருவர், “கட்ட பூரா கம்பெனி குடுத்தது. எவ்ளோ பெரிய மனசு பாத்தியா” என்று எனக்குக் கேட்கும்படி சொன்னார். நான் பார்த்தேன். அத்தனையும் துரிஞ்சி, எங்கள் மலையடிவாரத்துத் துரிஞ்சி.

டிராக்டர் சக்கரத்தில் காலை வைத்து ஏறினேன். மாலையை எடுத்துக் கீழே எறிந்தேன். விறகின் உச்சியில் கல்லை வைத்தேன். டிரைவர் வெளியூர்ப் பையன். “ராயி எந்துகு சார்?” என்று கேட்டான். கல் எதற்கு என்று அவனுக்குத் தெரிய நியாயமில்லை. ஆனால் தெருவில் ஒப்பாரி நின்றுவிட்டது. பெண்கள் எல்லோரும் அந்தக் கல்லையே பார்த்தார்கள். பெரிய மனசுக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். கோவிந்தன் அவரைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தார். எண்பதை நெருங்குகிறார், கோல் ஊன்றித்தான் நிற்கிறார். டிரைவரைப் பார்த்துச் சொன்னார்:

“கல்லு வெச்சாச்சி. இப்ப இது அவ வெறகு. ஓட்டு.”

சுடுகாட்டில் விறகை இறக்கும் முன் கல்லை எடுத்துக்கொண்டேன். அவர் என்னிடம் எங்கே வைக்கச் சொன்னாரோ அங்கே இப்போது இருக்கிறது. கேட்டில் நின்ற சம்பளத்தில் திருப்பதியில் கட்டிய வீடு, அதன் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர். போன ஞாயிற்றுக்கிழமை, ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் என் மகள் வந்திருந்தாள். துணி காயப்போட மாடிக்குப் போனவள், கல்லை எடுத்துக் கீழே போடப் பார்த்தாள். தொடாதே என்று கத்திவிட்டேன். பயந்துபோய் நின்றாள். அவளை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். வாசித்த காகிதத்தையும் மறைக்கவில்லை.

“அப்போ இது யாரு ஊடு நைனா?” என்று கேட்டாள்.

“உனுக்குக் கணப்பு போட்டவ ஊடு” என்றேன்.