ஓட்டுநர் பக்கக் கதவில் ஓர் ஒடுக்கு

அவர் குடியிருந்த தெருவில் அவருடைய பெயரைச் சொல்லி விசாரித்தால் எல்லோரும் உதட்டைப் பிதுக்குவார்கள். "முதுகு வீடு எது?" என்று கேட்டால் மட்டும் சலவைக் கடைக்காரர் தேய்ப்பதை நிறுத்தாமலே முகவாயால் காட்டுவார். அந்தப் பட்டப்பெயரை வைத்தவன் அவருடைய மச்சான், அதாவது மனைவியின் தம்பி. வைக்கக் காரணம் ஒரு சினிமா.

வண்ணப் படங்கள் புதிதாக வரத் தொடங்கிய காலத்துப் படம் அது. கதை பலருக்கு மறந்துவிட்டது. ஆனால் கதாநாயகன் பச்சைக் காரில் மலைச்சாலையில் பறக்கும் காட்சி யாருக்கும் மறக்கவில்லை. சக்கரம் பள்ளத்தின் விளிம்பைத் தொட்டுவிட்டுத் திரும்பும்போது அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொள்ளும். அந்தக் கதாநாயகனுக்குக் கார் ஓட்டத் தெரியாது. கிளட்சிலிருந்து காலை எடுத்தால் வண்டி ஒரு குதி குதித்து நின்றுவிடும். அதனால் அதே தோள் அகலம் உள்ள ஆளாகத் தேடிப் பிடித்தார்கள். அப்போது லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர் இவர். அதே மாதிரி முடி வெட்டி, அதே சட்டையைப் போட்டுவிட்டு, கேமராவைப் பின் இருக்கையில் வைத்துக்கொண்டு ஓட்டச் சொன்னார்கள். படத்தில் அவர் முகம் எங்கும் வராது. எழுத்துப் போடும்போது பெயரும் வராது. "கதாநாயகரே ஓட்டியது" என்று சுவரொட்டியில் போட்டிருந்தார்கள்.

கல்யாணமான புதிதில் மனைவியை அந்தப் படத்துக்கு அழைத்துப் போனார். துணைக்கு அவளுடைய தம்பியும் வந்தான், அரும்பு மீசை வயது.

மலைச்சாலைக் காட்சியில் அவர் மெதுவாகச் சொன்னார். "அதோ, அதுதான் நான்."

"எங்கங்க?"

"அந்த முதுகு."

பக்கத்து இருக்கையிலிருந்து தம்பி உரக்கவே கேட்டான். "எல்லா முதுகும் ஒரே மாதிரிதானே மச்சான் இருக்கு?"

பின் வரிசையில் சிரித்தார்கள். அவர் முகம் சிறுத்துப்போனது. மனைவி சிரிக்கவில்லை. திரையில், வளைவில் ஒரு தோள் தாழும் அந்த முதுகைக் கூர்ந்து பார்த்தாள். ஆனால் நம்பினாளா இல்லையா என்று அவளும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

பிறகு சினிமா பக்கமே அவர் போகவில்லை. லாரியை விட்டுவிட்டுப் பள்ளிப் பேருந்து ஓட்டினார். ஓய்வு பெறும்வரை அதே வேலைதான். அங்கேயும் பிள்ளைகள் வருஷக்கணக்கில் அவர் முதுகைத்தான் பார்த்தார்கள். வளர்ந்து கடைத்தெருவில் எதிர்ப்பட்டவர்களுக்கு முகம் அடையாளம் தெரியாமல் போனதும் உண்டு.

தான்தான் ஓட்டியது என்பதற்கு அவரிடம் இருந்த ஒரே சான்று, ஓட்டுநர் பக்கக் கதவில் இருந்த ஓர் ஒடுக்கு. படப்பிடிப்பின் முதல் நாள் வளைவில் ஓர் ஆடு குறுக்கே பாய்ந்தது. அவர் ஒடித்துத் திருப்பியதில் கதவு மைல்கல்லில் போய் மோதியது. இயக்குநர் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். பிறகு, ஆபத்தான சாலையில் ஓடுகிற காருக்கு அடிபட்டிருந்தால் என்ன என்று சமாதானமாகி, ஒடுக்கை அப்படியே விட்டுவிட்டார். படத்தில் கதாநாயகன் ஜன்னலில் முழங்கையை ஊன்றிப் பாடும்போது அதற்குக் கீழே அந்த ஒடுக்கு பளிச்சென்று தெரியும்.

"அது நான் போட்டது" என்பார், வீட்டுக்கு வந்தவர்களிடம்.

"காரை இடிச்சதுக்குப் பெருமைப்படற ஒரே டிரைவர் எங்க மச்சான்தான்" என்பான் அவன். தலை நரைத்த பிறகும் அந்தக் கேலி நரைக்கவில்லை.

அந்தக் கார் கிடைத்துவிட்டது என்ற செய்தியோடு திரைப்பட அருங்காட்சியகத்திலிருந்து ஓர் அதிகாரி வீட்டுக்கு வந்தார். நடுத்தர வயதுப் பெண். படத்தில் விளக்குப் பிடித்த ஒருவரைத் தேடிப் போய், அவர் மூலம் இவரைக் கண்டுபிடித்திருந்தார். பழைய கிடங்கு ஒன்றை விலைக்கு வாங்கியவர், உள்ளே சாக்குக் குவியலுக்குப் பின்னால் கார் நிற்பதைக் கண்டு, தானே பழுது பார்த்து வைத்திருக்கிறாராம்.

"அந்த மாடல்ல நிறைய வண்டி இருக்குங்க ஐயா. பச்சை அடிச்சு ஒரு ஒடுக்கையும் போட்டு யார் வேணாலும் கொண்டு வரலாம். நான் படத்தோட ஃபிரேமைப் பெருசு பண்ணி ஒத்துப் பார்த்துட்டேன். ஒடுக்கு அச்சு அசலா அதேதான். இருந்தாலும் அதுல உக்காந்த ஒருத்தர் பார்த்துச் சொல்லணும். கதாநாயகரும் இல்ல, இயக்குநரும் இல்ல. நீங்கதான் மிச்சம்."

"நான் சொன்னா எடுத்துக்குவாங்களாம்மா?"

"நீங்க பார்த்து அந்த வண்டிதான்னு கையெழுத்துப் போட்டா, மலைச்சாலையில ஓட்டினவர்னு உங்க பேரைப் போட்டுப் பலகை வைப்போம். காருக்குப் பக்கத்துலயே."

தேநீர் கொண்டுவந்த மனைவி அதைக் கொடுக்காமல் தட்டோடு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

குறித்த நாளில் மச்சான் தன் காரில் இருவரையும் அழைத்துப் போனான். அந்தக் காரை அவன் யார் கையிலும் கொடுத்தது கிடையாது, அக்கா புருஷன் கையில்கூட. வழியெல்லாம் வாய் ஓயவில்லை.

"பலகையில பேரா போடுவாங்க? முதுகுன்னு போட்டாத்தானே மச்சான் ஊருக்குத் தெரியும்?"

"வாயை மூடிட்டு ரோட்டைப் பார்த்து ஓட்டுடா" என்றாள் அக்கா.

கிடங்கு உயரமான தகரக் கூரை போட்டது. நடுவில் துணியை விலக்கி வைத்திருந்த பச்சைக் காரைப் பார்த்ததும் அவர் நேரே அதனிடம் போனார். கிடங்குக்காரர் துடைத்துத் துடைத்துக் கண்ணாடி மாதிரி ஆக்கியிருந்தார். ஒடுக்கை மட்டும் தொடவில்லை. பெரியவர் குனிந்து அதன்மேல் உள்ளங்கையை வைத்தார். அதே இடம், அதே உயரம், வெள்ளரிக்காய் நீளத்துக்கு அதே பள்ளம்.

"இதேதான்" என்றார். மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"உள்ள உக்காந்து பாருங்க ஐயா" என்றார் அதிகாரி.

உட்கார்ந்தார். கை தானாகக் கியர் இருக்கும் இடத்துக்குப் போனது. கால் கிளட்சைத் தேடியது. அங்கேதான் ஏதோ இடறியது. அவர் ஒருமுறை அழுத்தினார். மறுபடியும் அழுத்தினார். பிறகு குனிந்து பெடலின் ரப்பரை விரலால் தடவினார். ரப்பரில் வரிகள் கூர்மையாக இருந்தன.

"பெடல் ரப்பர் புதுசா மாத்தினீங்களா தம்பி?"

"இல்லீங்க. அது இப்ப எங்கயும் கிடைக்கறதில்ல. வண்டியோட வந்ததுதான்" என்றார் கிடங்குக்காரர் பெருமையாக. "எவ்வளவு நல்லா இருக்கு பாருங்க!"

அதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை. மலை வளைவுகளில் ஒரு மாதம் ஏறி இறங்கியதில் அந்த ரப்பர் வழவழவென்று தேய்ந்து போயிருந்தது. மழை பெய்த அன்று கால் வழுக்கி, அதற்குமேல் சாக்குத் துண்டைச் சுற்றிக் கட்டி ஓட்டினார். அந்தக் கால் அதை மறக்கவில்லை.

பேசாமல் இறங்கிவிட்டிருக்கலாம். அதிகாரி கையில் தாள் தயாராக இருந்தது. பக்கத்தில் மனைவி நின்றுகொண்டிருந்தாள். அவர் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துக் கதவைத் தட்டிப் பார்த்தார்.

"தம்பி, இந்தக் கதவோட உள் அட்டையைக் கழட்ட முடியுமா?"

"எதுக்குங்க?"

"ஒடுக்கை உள்பக்கமா பார்க்கணும்."

கிடங்குக்காரர் முகம் சுளித்தாலும் கழற்றினார். அதிகாரி டார்ச் அடித்தார். கதவின் உள்ளே குறுக்காக ஓர் இரும்புப் பட்டை ஓடியது. அது கோடு கிழித்தாற்போல நேராக இருந்தது. அதற்கு வெளியே தகட்டில், ஒன்றின்மேல் ஒன்றாக வட்ட வட்டமாகத் தட்டிய தடங்கள்.

அதைப் பார்த்ததும் பல வருஷமாக நினைவில் இல்லாத ஒரு காலைப்பொழுது அவர் முன்னால் வந்து நின்றது. ஸ்டுடியோவின் உள்ளே இன்னொரு பச்சைக் கார். கலை இயக்குநரின் உதவியாள் ஒருவர் இவருடைய காரின் ஒடுக்கை நாடாவால் அளந்து, அந்தக் காரின் கதவில் சுண்ணாம்பால் வரைந்துகொண்டு, கொட்டாப்புளி என்கிற மரச் சுத்தியலால் டப் டப்பென்று தட்டினார். வெளியே எடுக்கும் காட்சியும் உள்ளே எடுக்கும் காட்சியும் ஒட்ட வேண்டும் அல்லவா? ஒரு காருக்கு அடிபட்டால் மற்றதற்கும் அடி கொடுத்துவிடுவார்கள். "நீ ஒரு நிமிஷத்துல போட்டதை நான் அரை நாளா போட்டுட்டு இருக்கேன்யா" என்று அவர் அலுத்துக்கொண்டதற்கு இவர் விழுந்து விழுந்து சிரித்தார். ஒடுக்கின் கதையை எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறார். சொல்லிச் சொல்லி அதில் இந்தப் பாதி எங்கேயோ உதிர்ந்துவிட்டிருந்தது.

"நான் கல்லுல இடிச்சப்ப இந்தப் பட்டை உள்ள மடங்கிடுச்சும்மா. கண்ணாடி இறங்காம ஒரு வாரம் அவஸ்தைப்பட்டோம். இது கொட்டாப்புளியால போட்டது."

"அப்ப இது டூப்ளிகேட்டா?" கிடங்குக்காரர் குரல் எகிறியது. "என்னங்க பேசறீங்க? நான் ரெண்டு வருஷம் ராத்திரி பகலா உழைச்சிருக்கேன்!"

"நான் அப்படிச் சொல்லலியே தம்பி. இது கிடைச்சப்ப எப்படி இருந்துச்சு? அதைச் சொல்லுங்க."

"எஞ்சின் இல்ல. எவனோ திருடிட்டான்னு வேற எஞ்சின் வாங்கி வெச்சேன். ஸ்டியரிங் கம்பி கீழ அறுந்து கிடந்துச்சு, பத்த வெச்சேன். தரையில நாலு ஓட்டை, தகடு வெச்சு அடைச்சேன்."

அதிகாரி டார்ச்சை அணைத்தார். "கம்பி அறுந்து கிடந்துச்சா, அறுத்திருந்துச்சா?"

கிடங்குக்காரர் யோசித்தார். "வெட்டு சுத்தமாத்தான் இருந்துச்சு" என்றார் மெதுவாக.

"முன் கண்ணாடி?"

"சும்மா நாலு கிளிப்புல நின்னுச்சு. ரப்பர் இல்ல. கையால தூக்கினாலே வந்துரும்."

அதிகாரிக்குப் புரிந்துவிட்டது. முன்னாலிருந்து எடுக்கும் காட்சிகளுக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் கேமராவை வைத்திருக்கிறார்கள். தரை ஓட்டைகள் வழியே கட்டைகளைச் சொருகி, கீழே இருந்து ஆட்கள் காரைக் குலுக்கியிருக்கிறார்கள். பின்னால் திரையில் மலைச்சாலை ஓட, கதாநாயகன் எதோடும் சேராத ஸ்டியரிங்கைத் திருப்பித் திருப்பிப் பாடியிருக்கிறார். பெருசுபடுத்திய ஃபிரேமும் அந்தப் பாட்டிலிருந்து எடுத்ததுதான். ஒத்துப்போகாமல் எப்படி இருக்கும்?

"அப்ப இது படத்துல வந்த கார்தான். அதுல சந்தேகம் இல்ல" என்றார் அதிகாரி.

கிடங்குக்காரர் மூச்சு விட்டார்.

"ஆமாம்மா. அசல்தான். அதை எழுதுங்க, கையெழுத்துப் போடறேன்" என்றார் பெரியவர். "ஆனா நான் ஓட்டினது இது இல்ல. இதை யாரும் ஓட்டினதில்ல. நின்ன இடத்துலயே நின்னுச்சு."

"உங்க வண்டி என்ன ஆச்சுங்க ஐயா?"

"தெரியலம்மா. அடிபட்ட வண்டி. உடைச்சு இரும்புக்குப் போட்டிருப்பாங்க."

அதிகாரி கையிலிருந்த தாளைப் பார்த்தார். "அப்ப பலகையில உங்க பேரு..."

"போடக் கூடாதும்மா" என்றார் அவர். "இந்தக் காருக்குப் பக்கத்துல என் பேரு இருந்தா அது பொய்யாயிரும். மத்ததுக்கு என்கிட்ட ஒண்ணும் இல்ல."

குனிந்து கையெழுத்துப் போட்டார். கையெழுத்து எப்போதும்போலச் சிறியதாக, தெளிவாக இருந்தது. மனைவி அவருடைய கைப்பையை வாங்கிக்கொண்டாள்.

மச்சான் மட்டும் காரைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தான். குனிந்து ஸ்டியரிங் கம்பியில் பற்றவைத்த இடத்தைப் பார்த்தான். சக்கரத்தைக் காலால் தள்ளிப் பார்த்தான். பிறகு நிமிர்ந்தான்.

"மச்சான், எஞ்சினே இல்லாத கார்லயா அந்தாளு உக்காந்திருந்தாரு?"

"ஆமா."

"ஸ்டியரிங்கும் வெட்டி விட்டது."

"ஆமா."

"அப்ப மலையில ஓடினது..."

இத்தனை வருஷமாகச் சொன்னதைத் திரும்ப ஒருமுறை சொல்ல அவருக்குத் தெம்பில்லை. கடைசியாகக் காரை ஒருமுறை பார்த்துவிட்டு வெளியே நடந்தார்.

வெளியே வெயில் சாய்ந்திருந்தது. மச்சான் தன் காரின் கதவைத் திறந்தான். உட்காரவில்லை. சுற்றி வந்து சாவியை அவர் கையில் வைத்தான்.

"எனக்குக் கண்ணு கூசுது. நீங்க ஓட்டுங்க."

"உனக்கு எப்படா கண்ணு கூச ஆரம்பிச்சுது?" என்றாள் அக்கா.

"சும்மா இரு, அக்கா."

அவன் முன்னால், பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தான். அவள் பின்னால் ஏறிக்கொண்டாள். அவர் இருக்கையை ஒரு விரற்கடை முன்னால் இழுத்து, கண்ணாடியைத் திருத்தி, கிளட்சை விட்டார். வண்டி தண்ணீரில் விட்டதுபோல நகர்ந்தது. சந்தின் கடைசியில் குறுகலான வளைவு. வரும்போது மச்சான் அதில் பின்னுக்கு எடுத்து எடுத்துத் திருப்பியிருந்தான். அவர் வலது தோளைக் கொஞ்சம் தாழ்த்தி, தலையை ஒரு பக்கம் சாய்த்து, ஒரே வீச்சில் திருப்பினார்.

பின் இருக்கையில் அவள் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். இத்தனை வருஷத்தில் அவர் ஓட்டும் வண்டியில் பின்னால் உட்கார்ந்து போக அவளுக்கு வாய்த்ததே இல்லை. அந்தத் தாழ்ந்த தோளை, கழுத்துக்குக் கீழே சட்டை மடியும் இடத்தை, அரங்கத்து இருட்டில் பார்த்தது போலவே கூர்ந்து பார்த்தாள்.

"அதேதான்" என்றாள்.

முன்னால் இருந்த இருவரும் திரும்பவில்லை. அவர் சாலையைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தார்.