ஏழு நாளில் ஒரு விளக்கம்

எங்கள் லயத்து வரிசை வீடுகளில் சர்க்கார் தமிழைப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் நான்தான் என்று எனக்கு நினைப்பு. வயது ஒன்பது. சிலோனிலிருந்து கப்பலில் வந்து, ஜெகதளாவுக்கு மேலே தேயிலைத் தோட்டத்தில் குடிவைக்கப்பட்ட சனம் நாங்கள். யாருக்குக் கடுதாசி வந்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அதில் எனக்குத் திமிர் கொஞ்சம் நிறையவே இருந்தது.

ஒருநாள் எங்கள் வீட்டுக் கதவிலேயே நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். பதிவில் இல்லாத நபர் தங்கியிருப்பது குறித்து ஏழு நாட்களுக்குள் விளக்கம் அளிக்க வேண்டும், தவறினால் வீடு திரும்பப் பெறப்படும் என்று இருந்தது. அந்தப் பதிவில் இல்லாத நபர் என் அத்தை, அப்பாவின் ஒரே தங்கை. எங்களுக்குப் பின்னால் தனியாகக் கப்பலேறி வந்தவள். கப்பலில் வந்தவர்களுக்கு சர்க்கார் கொடுக்கும் கார்டில் அவளுக்கு வேறு ஏதோ ஜில்லா கேம்ப் எழுதியிருந்தது. அங்கே போகாமல் அண்ணனைத் தேடி மலையேறிவிட்டாள்.

அம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. விளக்கம் என்றால் என்னவென்று அப்பா என்னைக் கேட்டார். தெரியாது என்றால் என் மானம் என்னாவது? அந்த வாரம்தான் டீச்சர், நான் வெளிச்சவீடு என்று எழுதியதை அடித்துவிட்டு, கலங்கரை விளக்கம் என்று பத்துத் தடவை எழுத வைத்திருந்தார். நாம் விளக்கு என்பதைத்தான் சர்க்கார் விளக்கம் என்கிறது என்று அடித்துச் சொன்னேன்.

ஆள் ஒன்று கூடினால் விளக்கு ஒன்று கொடுக்க வேண்டும். அப்பாவுக்கு அது நியாயமாகவே பட்டது. இரண்டு சர்க்கார்களும் அதுவரை அவரிடம் கேட்ட எதையும்விட இது சுலபம். வீட்டில் இருந்ததோ ஒரே ஒரு அரிக்கேன் விளக்கு, கப்பலில் அம்மா மடியை விட்டு இறக்காமல் கொண்டுவந்தது. அத்தை சாம்பல் போட்டு அதன் சிம்னியைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே, "நான் கேம்புக்கே போயிர்றேண்ணே" என்றாள். அப்பா எழுந்துபோய் விளக்குக்கு மண்ணெண்ணெய் எடுத்துவந்தார்.

மறுநாள் அப்பா, அத்தை, நான் மூவரும் ஆபீசுக்குப் போனோம். கோயம்புத்தூர்ப் பக்கத்து கிளார்க்கின் மேசையில், ஃபைல்களுக்கு நடுவே அப்பா விளக்கை வைத்தார்.

"ஏனுங்க, இங்க கரண்டு இருக்குதுங்களே, இது எதுக்குங்க?"

நான் முந்திக்கொண்டு நோட்டீசை விரித்து அந்தச் சொல்லில் விரலை வைத்தேன். பக்கத்து மேசைக்காரர் சிரித்த சிரிப்பில் என் காது சுட்டது. கிளார்க் சிரிக்கவில்லை. விளக்கம் என்றால் காரணம் என்று எனக்குச் சொல்லிவிட்டு, இந்தம்மா ஏன் இங்கே வந்தார், அதைச் சொன்னால் போதும் என்று அப்பா பக்கம் திரும்பினார்.

அப்பா விளக்கைப் பார்த்துக்கொண்டே பேசினார். "கப்பலேறையில இவகிட்ட சொன்னேங்கய்யா. அந்தக் கரையில வெளிச்சவீடு தெரியும், அதுக்குக் கீழ நான் நிப்பேன், பயப்படாம வான்னு. நாலு மாசம் கழிச்சுத்தான் இவளுக்குக் கப்பல் கெடச்சுது. அதுக்குள்ள எங்கள மலைக்கு அனுப்பிட்டாங்க."

"ரெண்டு நாள் நின்னு பார்த்தேன்" என்றாள் அத்தை, தரையைப் பார்த்து.

கிளார்க் பேனாவைத் திறந்தார். ஒரு பக்கம் முழுக்க எழுதி, இருவரிடமும் கைநாட்டு வாங்கி, பதிவில் பேரைச் சேர்த்துவிடலாம், வீட்டுக்கு ஒன்றும் ஆகாது என்றார். விளக்கையும் கையில் கொடுத்தனுப்பினார்.

வெளியே பட்டப்பகலில் ஒரே மூட்டம், எதிரே வரும் ஆள் தெரியவில்லை. அப்பா விளக்கை ஏற்றிக்கொண்டு முன்னால் நடந்தார். ஒவ்வொரு வளைவிலும் நின்று, விளக்கை உயர்த்திப் பிடித்து, அத்தை வந்து சேர்ந்த பிறகுதான் அடுத்த அடி வைத்தார். எனக்கானால் பசி. அத்தை தினமும் அம்மாவுக்குத் துணையாகக் கொழுந்து எடுக்கப் போய்வருகிற பாதைதானே, இந்த அப்பா எதற்கு இப்படி நின்று நின்று போகிறார் என்று எரிச்சலாக வந்தது.