விருந்தாளிக்காக வெள்ளையடித்த சுவர்

மகளுக்கு நான்கு வயதாக இருந்தபோது முட்டு வருத்தம் வந்தது. அவள் மூச்சை இழுக்கும்போது எண்ணெய் காணாத கதவுப் பிணைச்சல் போல நெஞ்சு கிரீச்சிடும். கிரின்ஸ்டெட்டில் இருந்த வைத்தியர் அவளுடைய முதுகில் குழாயை வைத்துக் கேட்டார். பிறகு மருந்தைப் பற்றிப் பேசாமல் எங்கள் அறையைப் பற்றி விசாரித்தார். சுவரில் ஈரம் இருக்கிறதா என்றார். இருக்கிறது, கறுப்பாகப் பூஞ்சணமும் பிடித்திருக்கிறது என்றோம். இந்தப் பிள்ளை இன்னொரு குளிர்காலத்தை அந்த அறையில் கழிக்கக் கூடாது என்றார். கொம்யூனுக்குத் தானே சொல்வதாகவும் சொன்னார்.

கொம்யூன் என்பது இந்த டேனிஷ் நாட்டில் ஊர் நிர்வாகம். அகதிகளாக வந்த எங்களுக்கு இருக்க இடம், சாப்பாடு, குளிருக்கு உடுப்பு எல்லாவற்றையும் அப்போது அதுதான் பார்த்தது. ஊரில் நான் சுருட்டுச் சுற்றியவன். ஐந்தாம் வகுப்போடு கொட்டிலுக்குப் போய்விட்டேன். அங்கே ஒருவர் பேப்பர் வாசிப்பார், மற்றவர்கள் வாதாடுவார்கள், நான் குனிந்து சுற்றிக்கொண்டிருப்பேன். பேசாமல் இருந்தே நாற்பது வயதைத் தாண்டியவன். அப்படிப்பட்டவன் அறை கேட்டு ஓர் அலுவலகத்தின் முன்னால் நிற்பதை நினைத்தாலே எனக்குக் கூச்சமாக இருக்கும்.

நாங்கள் இருந்த கட்டடம் ஊருக்கு வெளியே இருந்தது. சிவப்புக் கல், நீண்ட விறாந்தை, இரு பக்கமும் ஒரே அளவான அறைகள். காற்றைத் தடுக்க நட்ட மரங்களுக்கு அப்பால் உருளைக்கிழங்கு வயல்கள். எங்களைப் போல இன்னும் சில குடும்பங்கள் அங்கே இருந்தன. வீடு கிடைக்கும்வரை தற்காலிகம் என்றுதான் எங்களைக் கொண்டுவந்து விட்டார்கள். ஒரு குளிர்காலம் முழுவதும் அந்தத் தற்காலிகம் நீண்டது.

வைத்தியர் சொன்னபடியே செய்திருந்தார். எங்கள் விடயத்தைப் பார்க்கும் அதிகாரி அம்மா அறையை நேரில் பார்க்க வருகிறார் என்று கொம்யூனிலிருந்து தகவல் வந்தது. அவருடன் மொழிபெயர்க்க ஹேர்னிங்கில் இருந்து ஒரு தமிழ்த் தம்பியும் வருவார்.

அன்றிரவே மனைவி தொடங்கிவிட்டாள்.

"இஞ்சேருங்கோ, அந்தச் சுவரை அப்படியே வைச்சுக்கொண்டு ஆக்களை உள்ளுக்கு விடேலாது."

"அதைப் பாக்கத்தானே வருகினம்."

"பாக்கட்டும். அதுக்காக ஊத்தையாவே வைச்சிருக்கிறது? நாங்கள் இல்லாதனாங்கள்தான், ஆனா துப்புரவில்லாதனாங்கள் எண்டு ஒருத்தரும் சொல்லக் கூடாது."

எனக்கும் அது சரியென்றே பட்டது. எங்கள் ஊரில் பங்குச் சுவாமியார் செபம் சொல்லி வீடு மந்திரிக்க வருகிறார் என்றால் வெள்ளையடிக்காத வீடு கிடையாது. கடன்பட்டாவது கதிரைக்குப் புது உறை போடுவார்கள். பெரிய மனிதர் ஒருவர் வாசற்படி ஏறுகிறார் என்றால் எங்களுக்கு அதுதான் பழக்கம். கொம்யூன் அம்மா எதற்காக வருகிறார் என்பதை எங்கள் தலை அறிந்திருந்தது. கைகள் அறிந்திருக்கவில்லை.

கட்டடத்தைப் பார்க்கும் டேனிஷ் கிழவரிடம் பாதித் தகரம் வெள்ளைப் பூச்சு வாங்கினேன். குளோறின் போட்டுத் தேய்த்து, காயவிட்டு, இரண்டு தரம் பூசினேன். முன் அறைக் குடும்பத்திடம் பூப்போட்ட திரைச்சீலை வாங்கினோம். இன்னொரு குடும்பம் மேசை விரிப்பும் நல்ல கோப்பைகளும் தந்தது. வருகிற நாளன்று மனைவி பட்டுச் சேலை உடுத்தித் தாலிக்கொடியை வெளியில் எடுத்து விட்டிருந்தாள். ஒரு தட்டு நிறையக் கிழங்கு அடைத்த பற்றிஸ் பொரித்து வைத்தாள்.

அந்த அம்மா வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து நாலாபக்கமும் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. "ஹுக்லி, ஹுக்லி" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

"வடிவா, இருக்கச் சுகமா இருக்கெண்டு சொல்லுறா அக்கா," என்றார் தம்பி.

மனைவிக்குப் பெருமை தாங்கவில்லை. "இன்னும் ரெண்டு பற்றிஸ் எடுக்கச் சொல்லும் தம்பி."

பிறகு அந்த அம்மா சுவருக்குக் கிட்டப் போனார். எந்தச் சுவர் என்று கேட்டார். நான் காட்டினேன். கையை வைத்துப் பார்த்தார். காய்ந்து, வழவழவென்று, பால்போல இருந்தது.

"அண்ணை, ஏதும் சொல்லப்போறியளோ?" என்று தம்பி கேட்டார்.

எனக்குச் சொல்ல இருந்தது. மழை பெய்தால் அடியிலிருந்து ஈரம் ஏறும், படுக்கை நனையும், பிள்ளை விடிய விடிய எழும்பி இருப்பாள் என்றெல்லாம் சொல்ல இருந்தது. ஆனால் அவர் எங்கள் பற்றிஸைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தபடி நிற்கிறார். வீட்டுக்கு வந்து சாப்பிடுகிறவருக்கு முன்னால் எப்படிக் குறை சொல்வது?

"இல்லைத் தம்பி. எல்லாம் நல்லம்."

அந்த அம்மா காருக்குப் போனதும் தம்பி என்னை விறாந்தையில் நிறுத்தினார்.

"அண்ணை, உங்களுக்கு விசரே? அவ ஈரச் சுவர் பாக்க வந்தவ. நீங்கள் கலியாண வீடு காட்டிப்போட்டியள்."

அறை நல்ல நிலையில் இருப்பதாகவும், வேறு குடும்பங்களுக்கு அவசரம் கூட என்பதால் நாங்கள் பொறுத்திருக்க வேண்டும் என்றும் சில நாளில் பதில் வந்தது. அதைச் சொல்லத் தம்பி மீண்டும் வந்தபோது நான் பூச்சுத் தகரத்தைக் கிழவரிடம் திருப்பிக் கொடுக்கப் போய்க்கொண்டிருந்தேன். தம்பியும் கூட வந்து நடந்ததைக் கிழவருக்குச் சொன்னார். கிழவர் சிரித்த சிரிப்பில் வாயிலிருந்த பைப் விழப் பார்த்தது.

அவர் சொன்னதைத் தம்பி எனக்குச் சொல்லச் சொல்ல, எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்தக் கட்டடம் முந்திய காலத்தில் ஏழைகளை அடைத்து வைத்த விடுதியாம். ஊரில் பிழைக்க வழியில்லாதவர்கள், வயதானவர்கள், தகப்பன் இல்லாத பிள்ளைகளோடு வந்த பெண்கள் எல்லோரையும் இங்கே கொண்டுவந்து விடுவார்களாம். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் மறு பக்கம். ஆண்கள் தெருவுக்குக் கல் உடைக்க வேண்டும், பெண்கள் நூல் நூற்க வேண்டும். மேற்பார்வையாளர் விடாமல் வாசலைத் தாண்ட முடியாது. ஊரின் கையில் சாப்பிடுகிறவருக்கு வாக்குப் போடும் உரிமையும் கிடையாதாம். கிழவரின் தாய் சிறுமியாக இருந்தபோது இங்கே பால் கொண்டுவந்து கொடுத்தவர். அவர் சொல்லிக் கிழவருக்குத் தெரியும்.

"ஊர்ப் பெரியவங்கள் இடைக்கிடை பாக்க வருவினமாம் அண்ணை, ஏழையள் எப்படி இருக்கினம் எண்டு. அதுக்கு முதல் நாள் மேற்பார்வையாளர் ஏழையளைக்கொண்டே சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பிப்பாராம். வாறவை பாத்திட்டு, நல்லா இருக்கு, துப்புரவா இருக்கு எண்டு எழுதிப்போட்டுப் போவினமாம். ஒவ்வொரு வருகைக்கும் ஒரு பூச்சு."

கிழவர் என் கையிலிருந்த தகரத்தைத் தட்டிக் காட்டி ஏதோ சொன்னார்.

"உங்களுக்கு ஒருத்தரும் அடிக்கச் சொல்லேல்லையே, நீங்கள் ஏன் அடிச்சனீங்கள் எண்டு கேக்கிறார்."

நான் தகரத்தை அவரிடம் கொடுத்தேன். அறைக்கு வந்து கட்டிலில் இருந்தேன். அன்று முழுக்க அந்தக் கேள்வி எனக்குள் எரிந்துகொண்டே இருந்தது. அவர்களை ஒரு மேற்பார்வையாளர் மிரட்டினார். எங்களை மிரட்ட ஒருவர்கூடத் தேவைப்படவில்லை.

தம்பி எங்களுக்காக மறுபடி பார்க்கச் சொல்லிக் கொம்யூனில் கேட்டார். வருவோம், ஆனால் முறைப்படி வரிசையில்தான் என்றார்கள். இலையுதிர்காலத்து மழை தொடங்கியது. நான் பூசிய வெள்ளையில் முதலில் மிளகு தூவியதுபோலப் புள்ளிகள் வந்தன. பிறகு அவை ஒன்றோடொன்று சேர்ந்தன. மகளுக்கு இரவும் பகலும் இழுப்பு. ஒரு பின்னேரம் உதடு நீலம் பாரித்து, முன் அறைக்காரர் காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம்.

இந்த முறை சுவரைத் தொடக் கூடாது என்று மனைவியிடம் சொல்லிவிட்டேன். அது எங்கள் வீட்டில் பெரிய சண்டையானது. நான் வெளியே போய் வருவதற்குள் துணியை நனைத்துக்கொண்டு நிற்பாள்.

"துடைக்காதையும் எண்டெல்லே சொன்னனான்."

"என்ர பிள்ளை படுக்கிற சுவர். வருத்தத்தைப் பாத்துக்கொண்டு சும்மா இருக்கச் சொல்லுறியளே?"

"துடைச்சால் இதுக்கை இருந்து சாகிறதுதான்."

"துடைக்காட்டிலும் சாகிறதுதான். நல்ல நாடு தேடிப் பிடிச்சியள்!"

அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது, நான் சொன்னதிலும் இருந்தது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கடைசியில் மகளின் கட்டிலை மட்டும் நடு அறைக்கு இழுத்துப் போட்டோம். ரண்டர்ஸிலிருந்து மனைவியுடைய ஒன்றுவிட்ட அண்ணன் குடும்பம் ஒரு ஞாயிறு வந்தது. அவர்கள் வருமுன் சுவருக்கு மேல் ஒரு சேலையைக் கட்டி மறைத்துவிட்டாள். அவர்கள் போனதும் நானே அவிழ்த்தேன். சேலையிலும் பூஞ்சணம் ஒட்டியிருந்தது.

கடைசியில் கொம்யூனிலிருந்து வந்தார்கள். அதே அம்மா, அதே தம்பி. இந்த முறை கோப்பி மட்டும், பலகாரம் ஒன்றும் வேண்டாம் என்று மனைவிக்குக் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். திரைச்சீலை இல்லை. மேசை விரிப்பு இல்லை. சுவர் இடுப்பளவுக்குக் கறுத்துக் கிடந்தது.

அந்த அம்மா அதைப் பார்த்தார். முகம் சுருங்கியது. தம்பியிடம் நிறையக் கேட்டார். தம்பி என்னைப் பார்க்காமல் மனைவியைப் பார்த்தார்.

"அக்கா, குறை நினையாதேங்கோ. ஒரு நாளைக்கு எத்தினை தரம் யன்னல் திறக்கிறனீங்கள் எண்டு கேக்கிறா. உடுப்பு அறைக்குள்ள காயப்போடுறதோ எண்டும் கேக்கிறா. உங்கட சமையலில ஆவி கூடவாம். போன முறை அறை நல்லா இருந்ததாம். காத்து விட்டுத் துப்புரவா வைச்சிருந்தால் இப்படி வராதாம்."

மனைவி கோப்பிக் கோப்பையைத் தட்டில் வைத்த சத்தத்தில் மகள் திரும்பிப் பார்த்தாள்.

"திறந்தால் பிள்ளைக்குக் குளிர், பூட்டினால் சுவருக்கு ஈரம். எதைச் செய்யச் சொல்லுறா? போன முறை துப்புரவா இருக்கெண்டு வீடு இல்லை. இந்த முறை ஊத்தையா இருக்கெண்டு வீடு இல்லை. எப்படி இருந்தால் வீடு தருவினம் எண்டு கேளும் தம்பி!"

தம்பி இரண்டு வார்த்தை பேசினார்.

"நான் சொன்னதில கால்வாசியும் நீர் சொல்லேல்லை."

"அக்கா, அதை அப்படியே சொல்லேலாது..."

நான் எப்போது எழும்பினேன் என்று எனக்கே தெரியாது. கோப்பித் தட்டிலிருந்த கரண்டியை எடுத்துக்கொண்டு சுவருக்குப் போனேன். அதன் காம்பால் சுரண்டினேன். என் வெள்ளை உரிந்து விழுந்தது. அதற்குக் கீழே கறுப்பு. அதையும் சுரண்டினேன், இன்னொரு வெள்ளை. அதற்குக் கீழே மறுபடியும் கறுப்பு. வெங்காயம் உரிக்கிற மாதிரி வந்துகொண்டே இருந்தது. பழைய சுண்ணாம்பு நனைந்த மாவாக என் காலடியில் விழுந்தது. கடைசியில் கல் தெரிந்தது. கல்லும் வேர்த்திருந்தது.

"தம்பி," என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "மேல் பூச்சு மட்டும்தான் எங்கட. மிச்சப் பூச்சுக்குக் கீழயும் கறுப்புத்தான் இருக்கு. அந்த நேரமும் யன்னல் திறக்காமல் விட்டது நாங்களோ எண்டு கேளும். ஒண்டும் குறைக்காமல் கேளும்."

இந்த முறை தம்பி குறைக்கவில்லை. நீளமாகச் சொன்னார். கிழவரின் கதையையும் சேர்த்துத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். அந்த அம்மா எழுந்து வந்து குழிக்குள் விரலை வைத்தார். எடுத்தபோது விரல் ஈரமாக இருந்தது. அதைத் துடைக்காமலே பேனாவை எடுத்தார். பிறகு குறிப்பு எழுதினார். யன்னலைப் பற்றி அதன்பின் பேசவில்லை.

அவர் புறப்படும்போது மனைவி அலுமாரியைத் திறந்து ஒரு தட்டுப் பற்றிஸை வெளியே எடுத்தாள். எனக்குத் தெரியாமல் பொரித்து ஒளித்து வைத்திருக்கிறாள்.

நத்தார்ப் பண்டிகைக்கு முன்பே ஊருக்குள் இரண்டாம் மாடியில் வீடு கிடைத்தது. காய்ந்த வீடு. மகளின் மூச்சு மெல்ல மெல்ல அடங்கியது. அதற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும், சொல்லியும் இருக்கிறேன். ஆனால் சாமான்களை ஏற்றிய அன்று நான் கண்டதை இன்னும் மறக்க முடியவில்லை.

கடைசிப் பெட்டியை எடுக்கத் திரும்பிப் போனபோது கிழவர் எங்கள் அறையில் நின்றார். நான் தோண்டிய குழியை அடைத்து, சுவர் முழுவதும் வெள்ளை பூசி முடித்திருந்தார். புது ஆட்கள் வருகிறார்கள் என்று கையால் காட்டி, தோளைக் குலுக்கினார். அவருக்குச் சொன்னதை அவர் செய்தார்.

புதுக் குடும்பம் விறாந்தையில் பைகளோடு நின்றது. எங்கள் ஆட்கள்தான். கைக்குழந்தையோடு நின்ற இளம் பெண் உள்ளே எட்டிப் பார்த்து, "நல்ல வெள்ளை வெளேரெண்ட அறை," என்றாள்.

நான் வழக்கம்போலத் தலையைக் குனிந்துகொண்டேன். மனைவி போய் அவளுடைய கையைப் பிடித்தாள்.

"தங்கச்சி, மழை வந்தால் அந்தச் சுவர் கறுக்கும். கறுத்தால் கொம்யூன் ஆக்கள் பாக்க வருவினம். அவை வரேக்க மட்டும் துடைச்சுப்போடாதேங்கோ."

அந்தப் பெண் மனைவியை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

"ஆக்கள் வரேக்க எப்படியக்கா துடைக்காமல் இருக்கிறது?"