கையெழுத்துக்குப் பக்கத்தில் வீட்டு எண்

தெருவில் எல்லோருக்கும் அவள் தையலக்கா. துணியை அளக்கும் முன்பே ஆளை அளந்துவிடுவாள் என்று பெயர். அந்தப் பெயர் இப்படி மண்ணாய்ப் போகும் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை.

கிடங்குக்குப் போகும் லாரிகள் குறுக்குவழி என்று அந்தத் தெருவுக்குள் புகுந்து பறந்தன. பள்ளிக்கூடம் விட்டு வந்த எதிர்வீட்டுச் சிறுமியின் கால் முறிந்த வாரமே, லாரிகளைத் தடுக்கத் தையலக்கா சுற்றுவட்டாரத்தில் ஆறு பெண்களைச் சேர்த்தாள். ஞாயிறுதோறும் தையல் மெஷினை ஓரந்தள்ளிவிட்டு வகுப்பு. அதிகாரியைப் பார்க்கத் தனியாகப் போகாதே. மனுவில் கோரிக்கை ஒன்றுதான், அதுவும் முதல் வரியில். கையெழுத்துக்குப் பக்கத்தில் வீட்டு எண் வேண்டும்; இல்லாவிட்டால் பொய்க் கையெழுத்து என்று தட்டிக் கழித்துவிடுவார்கள்.

ஆறு பேரில் படு கெட்டிக்காரி, இஸ்திரி போடுகிறவள். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே நடுங்கியவளைக் கண்ணாடி முன் நிறுத்திப் பேசப் பழக்கியது தையலக்காதான். கூடப் பிறக்காத தங்கச்சி என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டாள்.

லாரிகளைத் தடுப்பது பற்றி முடிவெடுக்கும் நாளில் நகராட்சி அலுவலகத்துக்குப் போனார்கள். இஸ்திரிக்காரி மட்டும் வரவில்லை. காய்ச்சலாம்.

"எதுக்கும்மா வந்தீங்க? லாரி வரட்டும்னு உங்க தெருவே எழுதிக் குடுத்திருச்சே," என்றார் அதிகாரி. "மனுன்னா இப்படி எழுதணும். நறுக்குன்னு இருக்கு பாருங்க."

மேலே தேதி. முதல் வரியில் ஒரே கோரிக்கை. உருண்டை உருண்டையான அந்த எழுத்து யாருடையது என்று அவளுக்குத் தெரியாதா? பாவி, கூடவே இருந்து குழி பறித்துவிட்டாளே! இருபத்திரண்டு கையெழுத்து, ஒவ்வொன்றின் பக்கத்திலும் வீட்டு எண். பதினேழில் கண் நின்றுவிட்டது. அது தையலக்காவின் வீட்டு எண்.

திரும்பும்போது தெருமுனையில் இஸ்திரி வண்டியைக் காணோம். எட்டு மாதமாக வேலையில்லாமல் இருந்த இஸ்திரிக்காரியின் புருஷன், கிடங்கு வாசலில் காவலாளி உடுப்பில் நின்றான். இவளைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். உடுப்பு மொடமொடவென்று இருந்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும் கணவரிடம் வெடித்தாள். "என்ன ஏதுன்னு படிக்காம கையெழுத்துப் போடுவீங்களா?"

அவர் படித்துக்கொண்டிருந்த செய்தித்தாளை இறக்கினார்.

"'அக்கா அனுப்பினாங்க, அவசரம்'னு உன் தங்கச்சிதான் சொன்னா. வீடு வீடா அதைச் சொல்லித்தான் வாங்கினா. நீ அனுப்பினதைப் போய் யாராவது படிச்சுப் பார்ப்பாங்களா?"