சித்தப்பா வசனம் எழுதிய படம்

இப்போது வன்னிப் பிள்ளைகள் எடுக்கும் குறும்படங்களில் யாராவது "வாறன்" என்று சொல்லக் கேட்டால் எனக்குக் கண் கலங்கிவிடுகிறது. பக்கத்தில் இருக்கும் மகளுக்குக் காரணம் தெரியாது.

என் சித்தப்பா அக்கராயனில் வயல் செய்தவர். கோயில் திருவிழாக்களில் அவருடைய நாடகங்கள் மேடையேறும். ஒருநாள் ஒத்திகைக்குப் புறப்பட்டவரிடம் சித்தி, "நீங்கள் முன்னுக்கு நடவுங்கோ, நான் விளக்கு வைச்சிட்டு வாறன்" என்றார். விளக்கு வைத்துவிட்டு விறகெடுக்கக் கொல்லைக்குப் போன சித்தியைப் பாம்பு தீண்டியது. சித்தப்பா ஓடி வந்தபோது சித்தியிடம் பேச்சில்லை; விடியுமுன் உயிரும் போய்விட்டது.

பிறகு அவர் பேனையைத் தொடவில்லை. சில வருடங்கள் கழித்து, அவருடைய நாடகமொன்றை முன்பு பார்த்திருந்த ஒருவர் கொழும்பில் தமிழ்ப்படம் எடுக்கத் தொடங்கினார். வசனம் எழுதக் கூப்பிட்டார். "மேடைக்கு எழுதின கைக்குப் படம் சரிவருமோ?" என்று அப்பா தயங்கினார்.

"மேடையில சொன்னது அண்டைக்கே போயிடும் அண்ணை. படத்தில எண்டா அவா எப்பவும் கதைச்சுக்கொண்டிருப்பா" என்றார் சித்தப்பா.

நாயகியின் வாயில் சித்தியின் பேச்சையே வைத்தார். அந்தக் கடைசி வார்த்தைகளையும் வைத்தார். படப்பிடிப்பில் அந்த நடிகை அதைப் பேசியதைக் கேட்டுத் தான் அழுததாக ஊருக்கு வந்து சொன்னார்.

படம் கிளிநொச்சிக்கு வந்தபோது ஊரே உழவு இயந்திரப் பெட்டியில் ஏறிப் போனது. நான் சித்தப்பாவுக்குப் பக்கத்தில் இருந்தேன். அந்தக் காட்சி வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். திரையில் நாயகி திரும்பினாள். "நீங்க முன்னாடி போங்க, நான் விளக்கேத்திட்டு வந்துடறேன்." உதடு அசைந்தது ஒன்று, கேட்டது இன்னொன்று. எங்கள் பேச்சு சனத்துக்குப் பிடிக்காது என்று, அவர் ஊர் திரும்பிய பின் எல்லாவற்றையும் இந்தியத் தமிழாக்கிக் குரல் சேர்த்துவிட்டார்கள். ஊர்ச்சனம் கைதட்டியது.

திரும்பி வரும்போது, கனகபுரம் கடந்த பிறகு சித்தப்பா மெல்லச் சொன்னார்:

"பிள்ளை, அவா சொன்ன மாதிரி நினைச்சுப் பாக்கிறன். இப்ப அந்தப் படக்காரியின்ர குரல்தான் வருகுது."

நான் சித்தியைப் போலச் சொல்லிக் காட்டினேன்.

"இன்னொருக்காச் சொல்லு."

சொன்னேன். மறுபடியும் சொன்னேன். குரலைத் தாழ்த்தியும், இழுத்தும், சித்தி சிரிப்பது போல இடையில் சிரித்தும் வீடு வரும்வரை சொல்லிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் அவர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, இல்லையென்று தலையசைத்தார்.